நண்டு வளையும் இருநூற்றுப் பதினான்கு பேரும்

நூலகர் பஞ்சாட்சரம் அனுப்பிய படிவத்தில் "வெளியான ஆய்வுக் கட்டுரைகள்" என்ற கட்டத்துக்கு எதிரே ஜெயப்பிரியா "இல்லை" என்று எழுதினாள். அடுத்த கட்டம், "அவற்றை மேற்கோள் காட்டியவர்களின் எண்ணிக்கை". அதில் ஒரு கோடு போட்டாள். கீழே கையெழுத்திட்டு அனுப்பிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி போகிற சாலையில், கழனிகளுக்கு நடுவே இருந்த தனியார் கல்லூரி அது. ஜெயப்பிரியா அங்கே விலங்கியல் ஆசிரியையாகச் சேர்ந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. வயது நாற்பத்தொன்று. மூத்தவளைச் செங்கல்பட்டில் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு, சின்னவன் நாலாவது போன பிறகு தேடிக்கொண்ட வேலை. கல்லூரியில் அவள் அதிகம் பேச மாட்டாள். தன்னைவிடப் பத்து வயது சின்னவர்கள் எல்லாம் டாக்டர் பட்டத்தோடு உட்கார்ந்திருக்கிற அறையில், பாதியில் படிப்பை விட்டவள் என்ற கூச்சம் அவளுக்கு இருந்தது.

மார்ச் மாதம் தர மதிப்பீட்டுக் குழு ஒன்று கல்லூரியைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் ஆசிரியர்கள் எல்லோருக்கும் இணையத்தில் ஆய்வாளர் புரொஃபைல் திறந்தாக வேண்டும் என்று முதல்வர் சொல்லிவிட்டார். ஒருவர் எழுதிய கட்டுரைகள் எவை, அவற்றை உலகத்தில் எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்பதை அந்தப் பக்கம் தானாகவே கணக்குப் போட்டுக் காட்டும். அந்தக் கணக்குக்குப் பெயர் சைட்டேஷன். அறுபது பேருடைய பக்கங்களையும் திறந்து, சரிபார்த்து, மொத்தம் போட்டுக் கொடுக்கிற வேலை பஞ்சாட்சரத்துக்கு.

பஞ்சாட்சரம் எதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு விடுகிற மனிதர் இல்லை. மத்தியானம் ஜெயப்பிரியாவை நூலகத்துக்குக் கூப்பிட்டார்.

"மேடம், நீங்க எம்.ஃபில். பண்ணியிருக்கீங்க. ஒண்ணு கூடவா பிரிண்ட் ஆகல?"

"ஒண்ணு வந்துது சார். பதினேழு வருஷம் ஆவுது. அதுவும் என் கல்யாணப் பத்திரிகையும் ஒரே மாசத்துல பிரஸ்ல இருந்துது."

"அப்ப ஏன் இல்லன்னு எழுதினீங்க?"

"சின்ன ஜர்னல் சார். நண்டு வளையப் பத்தி எழுதினது. அத யாரு பாத்திருக்கப் போறாங்க?"

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கே. ஜெயப்பிரியா என்று தட்டினார். மலேசியாவில் ஒரு பல் மருத்துவர் வந்தார். கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் பேராசிரியர் வந்தார். நண்டு எதுவும் வரவில்லை.

"இந்த கே, வீட்டுக்காரர் பேரா?"

"ஆமா சார். கலைச்செல்வன்."

"கட்டுரை வந்தப்ப இன்னா இனிஷியல்?"

"அப்பா பேரு தாமோதரன். டி."

பஞ்சாட்சரம் கே-யை அழித்து டி போட்டார். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. உத்திரமேரூர் பகுதி நெல்வயல் வரப்புகளில் நண்டு வளைகளும் நீர் இழப்பும். டி. ஜெயப்பிரியா, அவளுடைய ஆய்வு வழிகாட்டியின் பெயர், 2008. அதற்குக் கீழே சிறிய எழுத்தில், மேற்கோள் காட்டியவர்கள்: 214.

ஜெயப்பிரியா திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள்.

"சார், இது வேற யாராவது இருக்கும்."

"உத்திரமேரூர்ல நண்டு வளைய எண்ணின இன்னொரு ஜெயப்பிரியாவா மேடம்?" பஞ்சாட்சரம் தன் மேஜையிலிருந்த தாளை எடுத்துக் காட்டினார். "நம்ம காலேஜ் மொத்தத்தையும் காலைலதான் கூட்டினேன். முதல்வரையும் சேத்து நூத்தி எழுபது. நீங்க ஒருத்தர் இருநூத்திப் பதினாலு."

ஜெயப்பிரியா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவளுடைய வழிகாட்டி, சென்னைக் கல்லூரிப் பேராசிரியர், அச்சான பிரதி ஒன்றைப் புள்ளலூரில் அவள் அப்பா வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்பியிருந்தார். அது வந்தபோது அவள் புகுந்த வீட்டில் இருந்தாள். பி.எச்டி.க்குப் பெயர் பதிந்திருந்தாள். முதல் பிரசவம், அப்புறம் மாமியாரின் பக்கவாதம் என்று வருஷங்கள் ஓடின. பேராசிரியரும் ஓய்வு பெற்று, காலமாகிவிட்டார். காஞ்சிபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் திறந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டு எப்போதோ மறந்துபோய்விட்டது. அவளுக்கு எழுத நினைத்தவர்கள் எல்லாம் அந்த முகவரிக்குத்தான் எழுதியிருப்பார்கள்.

"ஒரு வாட்டி மறுபடியும் போட்டுப் பாருங்க சார்," என்றாள்.

அவர் மறுபடியும் போட்டார். 214 தான்.

அன்றைக்கு மூன்று மணி வகுப்பில் மண்புழுவின் இரத்த ஓட்டத்தைப் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது காரணமில்லாமல் சிரித்துவிட்டாள். பிள்ளைகளும் என்னவென்று தெரியாமல் சிரித்தார்கள்.

அவர்கள் ஊர் உத்திரமேரூர் ஏரிக்குக் கிழக்கே மூன்று கிலோமீட்டர். கலைச்செல்வனுக்கு இரண்டரை ஏக்கர் கழனி. நவரை நடவு முடிந்து இருபது நாள் ஆகியிருந்தது. சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது அவன் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். முழங்கை வரைக்கும் சேறு.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு கட்டுரை எழுதினேன்ல? அத இருநூத்திப் பதினாலு பேரு அவங்க அவங்க கட்டுரைல எடுத்து எழுதிக்கிறாங்களாம்."

அவன் நிமிர்ந்தான். "எந்த ஊரு ஆளுங்க?"

"சீனா, பிலிப்பைன்ஸ். ஆப்பிரிக்கால கூட கீறாங்க."

"அதுல இன்னா எழுதின நீ?"

ஜெயப்பிரியா கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். "பதினேழு வருஷத்துல இன்னிக்குத்தான் கேக்கறீங்க."

கலைச்செல்வன் குவளையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஆமா. கேக்கலதான்," என்றான். "நான் பத்தாவது. நீ மைக்ராஸ்கோப்பெல்லாம் பாத்தவ. நீ சொல்லி எனக்குப் புரியலன்னா உனக்குச் சங்கடமா பூடுமேன்னு கேக்காம வுட்டுட்டேன். இப்ப சொல்லு."

"வரப்புல நண்டு வளை போடுதுல்ல? அதால கழனித் தண்ணி ரொம்ப ஒண்ணும் வீணாவறது இல்ல. ஒரு சம்பா முழுக்க அளந்து பாத்து எழுதினேன்."

"இன்னாது?"

"ஆமாங்க. நண்டு நேரா கீழத்தான் எறங்குது. வெளிப் பக்கம் அதுவே சேத்த வச்சி மூடிக்குது."

கலைச்செல்வன் தன் இரண்டு கைகளையும் பார்த்தான். காலையில் முப்பத்தெட்டு வளையைச் சேறு வைத்து அடைத்துவிட்டு வந்தவன். அவன் அப்பாவும் அதைத்தான் செய்தார். நடவு நட்ட நாளிலிருந்து கதிர் வரும்வரை அவனுக்குக் காலையில் முதல் வேலையே அதுதான்.

"இத்தினி வருஷமா நான் ஓட்டை அடைக்கறதப் பாத்துக்கினு சும்மா இருந்தியா?"

"சொல்லியிருந்தா அடைக்காம வுட்டிருப்பீங்களா?"

அவன் யோசித்தான். "வுட்டிருக்க மாட்டேன்."

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் பஞ்சாட்சரம் அவளுக்குப் புரொஃபைல் திறக்க உட்கார்ந்தார். முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டார். "பேரு எப்டிப் போடறது மேடம்? ஆதார்ல கே. கட்டுரைல டி. எது முன்னால வரணுமோ அத நீங்கதான் சொல்லணும். இன்னொன்ன 'வேறு பெயர்'னு கீழ குடுக்கலாம்."

அவள் ஒரு நாள் டைம் கேட்டாள். வீட்டில் சோறு போடும்போது கலைச்செல்வனிடம் சொன்னாள். "அந்த இருநூத்திப் பதினாலு பேருக்கும் டி-தான் தெரியும். அதையே வச்சிக்கவா? உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"நீ நண்டு எண்ணினப்ப நான் எங்க இருந்தேன்? உங்கப்பாதான உன்ன வண்டில இட்டுக்கினு கழனி கழனியா சுத்தினாரு? அவரு பேருதான் இருக்கணும்." சாம்பாரை ஊற்றிக்கொண்டு, "போன் பண்ணி அவருகிட்ட சொன்னியா?" என்றான்.

அவள் சொல்லியிருந்தாள். அப்பா போனைக் கீழே வைத்துவிட்டு, பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். அப்புறம், "அந்தப் புஸ்தகத்த நான் பீரோல வச்சிக்கிறேம்மா. பூச்சி அரிக்காம வருஷா வருஷம் வெயில்ல காட்டுவேன்," என்றார்.

முதல்வருக்கு விஷயம் தெரிந்ததும் கல்லூரி வாசலில் பெரிய பேனர் வைக்கலாமா என்று யோசித்தார். குழு வரும் நாளில் ஜெயப்பிரியா பத்து நிமிஷம் பேச வேண்டும் என்று முடிவானது. அவளுக்குப் பேசுவதற்கு முன்னால் அந்த இருநூற்றுப் பதினான்கு பேரும் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று படித்துவிட வேண்டும் என்று தோன்றியது. பஞ்சாட்சரத்திடம் கேட்டாள்.

"எல்லாத்தையுமா?" அவர் ஆச்சரியப்பட்டார். "எல்லாரும் நம்பர மட்டும்தான் மேடம் கேப்பாங்க. யாரும் தொறந்து படிச்சதில்ல." ஆனால் அவருக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. கிடைத்தவற்றை எல்லாம் இறக்கி, வருஷ வாரியாக அடுக்கிக் கொடுத்தார். கிடைக்காததற்கு வேறு நூலகங்களில் இருந்த நண்பர்களுக்கு எழுதி வாங்கினார்.

மதிய இடைவேளைகளில் நூலகத்தின் கடைசி மேஜையில் டிபன் பாக்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் படித்தாள். பெரும்பாலான கட்டுரைகளில் அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. நண்டு வளைகளால் நீர் இழப்பு குறைவு என்று சொல்லி, அடைப்புக்குறியில் அவள் பெயர். ஒருவர் அவள் தஞ்சாவூரில் அளந்ததாக எழுதியிருந்தார். அவரைப் பார்த்து இன்னும் ஆறு பேர் தஞ்சாவூர் என்றே எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் அவளை ஆண் என்று நினைத்திருந்தார்கள். மீன் வளர்ப்பைப் பற்றிய கட்டுரை ஒன்றில் அவள் பெயர் ஏன் வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. படித்துப் படித்து அவளுக்கு முதல் நாள் சந்தோஷம் கொஞ்சம் கரைந்தது. தன்னை உண்மையிலேயே படித்தவர்கள் இருபது பேர்கூட இருக்க மாட்டார்கள் என்று பட்டது.

மூன்றாவது வாரம் வங்கதேசத்துக் கட்டுரை ஒன்று வந்தது. பரிசால் என்ற ஊரிலிருந்து நஸ்ரீன் என்ற பெண் எழுதியது. அதில் அவளுக்கு ஒரு வரி இல்லை, இரண்டரைப் பக்கம் இருந்தது. அவள் எந்த மாதத்தில் அளந்தாள், எத்தனை அடிக்கு ஒரு வளை எண்ணினாள், ஆவியாகிற தண்ணீரை எப்படிக் கழித்தாள் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிவிட்டு, ஜெயப்பிரியாவின் முடிவு தவறானது என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். பழைய வரப்புகளில் நண்டுகள் குறுக்கே துளைக்கின்றன. அங்கே இழப்பு பல மடங்கு. ஜெயப்பிரியா புதிதாகப் போட்ட வரப்புகளில் மட்டும் அளந்திருக்கக்கூடும்.

ஜெயப்பிரியா டிபன் பாக்ஸை மூடிவிட்டாள்.

"இன்னா மேடம்?" என்று பஞ்சாட்சரம் வந்தார். அவள் அந்தப் பக்கத்தைக் காட்டினாள். அவர் நின்றபடியே படித்தார்.

"இதுவும் அந்த இருநூத்திப் பதினாலுல சேர்த்தியா சார்?"

"சேர்த்திதான் மேடம். பாராட்டினாலும் ஒண்ணு, தப்புன்னு சொன்னாலும் ஒண்ணு. மிஷினுக்கு அது தெரியாது."

"இந்தம்மா ஒருத்திதான் சார் முழுசா படிச்சிக்கிறா," என்றாள் ஜெயப்பிரியா. அவர் வேறு பக்கம் திரும்பி, அடுக்கில் சரியாக இருந்த புத்தகங்களைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

வீட்டில் அவள் சின்னவனுக்குத் தோசை வார்க்கும்போது இரண்டைத் தீய்த்தாள். கலைச்செல்வன் அடுப்பைக் குறைத்துவிட்டு, கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "இன்னா ஆச்சி?"

சொன்னாள். பேனர் வைக்கப் போவதையும், தான் மேடையில் நின்று தப்பான ஒன்றுக்குக் கைதட்டல் வாங்கப் போவதையும் சேர்த்துச் சொன்னாள். "அந்த வருஷம் ஏரிக் கால்வாய் வேலை நடந்துது. அந்தப் பக்கம் வரப்பு எல்லாம் புதுசா போட்டிருந்தாங்க. நான் அதக் கவனிக்கவே இல்லீங்க. ஒரு சம்பாதான் டைம் குடுத்தாங்க. அதுக்கப்புறம் கல்யாணம்."

கலைச்செல்வன் தோசையைத் திருப்பிப் போட்டான். அவனுக்கு இதில் ஒரு பதில் தெரிந்திருந்தது. சொன்னால் அவள் மனசு நோகுமோ என்று தயங்கினான். பிறகு சொன்னான்.

"அந்தம்மா சொல்றது சரிதான் ஜெயா. நம்ம கிழக்கு வரப்பு எங்க தாத்தா காலத்துது. அதுல ஒரு நாளு அடைக்காம வுட்டா பக்கத்துக் கழனி ரொம்பிடும். மேற்கு வரப்பு நான் அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஜேசிபி வச்சிப் போட்டது. அதுல அடைக்கறது எனக்கே சும்மா ஒரு திருப்திக்குத்தான்." அடுப்பை அணைத்தான். "ரெண்டும் நம்ம கழனிலதான் கீது. வந்து அள."

அவள் அவனையே பார்த்தாள்.

"அளக்கணும்னா நீங்க அடைக்கக் கூடாது."

"எத்தினி நாளு?"

"பத்து நாளு. மோட்டாரும் போடக் கூடாது."

கலைச்செல்வனின் முகம் போன போக்கைப் பார்த்து அவள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன், "சரி," என்றான்.

சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தார்கள். கிழக்கு வரப்பை ஒட்டிய கழனியிலும் மேற்கு வரப்பை ஒட்டிய கழனியிலும் ஸ்கேல் கட்டிய குச்சிகளை நட்டாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெயிண்ட் பக்கெட்டைச் சேற்றில் புதைத்து, கழனி மட்டத்துக்கு நீர் ஊற்றினாள். பக்கெட்டில் குறைவது வெயிலுக்குப் போவது. அதற்கு மேல் கழனியில் குறைவது வரப்பு வழியாகவோ மண்ணுக்குள்ளோ போவது.

வளைகளை எண்ண அம்சாவைக் கூப்பிட்டாள். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருளர் குடியிருப்பில் இருந்தவள் அம்சா. நடவுக்கும் களையெடுப்புக்கும் வருவாள், மற்ற நாளில் நண்டு பிடிப்பாள். வளையின் வாயைப் பார்த்தே உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். இரண்டு வரப்பிலும் தோள் வரைக்கும் கையை விட்டுப் பார்த்துக்கொண்டே போனவள், நடுவில் எழுந்து நின்றாள்.

"டீச்சரக்கா, கிழக்க கீற நண்டு இந்தாண்ட பூந்து அந்தாண்ட போவுது. மேற்கால கீறது நேரா கீழ எறங்குது."

"ஏன் அப்டி?"

"பழைய வரப்புல கோரைக் கெழங்கு மக்கிப்போயி உள்ள பொந்து பொந்தா கீதுக்கா. அதுக்கு லேசா தோண்ட வருது. புது மண்ணு இறுக்கம். குறுக்க தோண்டினா கால் வலிக்கும்ல, அதுக்கும்."

ஜெயப்பிரியா நோட்டில் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். நஸ்ரீன் கட்டுரையில்கூட ஏன் என்பதற்கு விடை இல்லை.

நாலாம் நாள் கிழக்குக் கழனியில் தண்ணீர் பாதியாகிவிட்டது. கலைச்செல்வன் விடிந்ததும் பழக்கத்தில் கழனிக்குப் போவான். வரப்பு மேல் நடப்பான். குனிவான், நிமிர்வான், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வான். பக்கத்துக் கழனிக்காரர் இருசப்பன் தன் பக்கம் இலவசமாக வந்து சேர்கிற தண்ணீரைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, ஒடம்பு கிடம்பு செரியில்லையா?" என்று கேட்டார்.

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. எங்க வூட்ல ஆராய்ச்சி நடக்குது," என்றான் கலைச்செல்வன்.

ஏழாம் நாள் பயிரின் நுனி லேசாகச் சுருண்டது. ஜெயப்பிரியா அதைப் பார்த்துவிட்டு, "போதுங்க. மோட்டாரப் போடுங்க," என்றாள்.

"பத்து நாளுன்ன?"

"பயிரு வாடுதே."

"மூணு நாளுல சாவாது. கழனி காயறத நான் எத்தினி வாட்டி பாத்துக்கிறேன். நீ ஏழுல நிறுத்தினா அந்தம்மா மறுபடியும் ஒரு குறை சொல்லுவா." அவன் வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டான். "போன வாட்டி உனக்கு டைம் குடுக்கல. இந்த வாட்டி எடுத்துக்கோ."

அவள் அவன் பக்கத்தில் போய், சேற்றுக் காலோடு உட்கார்ந்தாள். அன்றைய அளவை நோட்டில் எழுதினாள்.

பத்தாம் நாள் காலை ஆறரை மணிக்குக் கடைசி அளவை எடுத்து முடித்ததும், "இனிமே அடைங்க," என்றாள். கிழக்கு வரப்பில் அறுபத்திரண்டு வளைகள். கலைச்செல்வன் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டான். மறுபடி தண்ணீர் விட்டு இன்னும் ஐந்து நாள் அளந்தார்கள். மேற்கு வரப்பில் அடைத்தாலும் அடைக்காவிட்டாலும் வித்தியாசம் ஒரு நூல்தான். கிழக்கில் அடைக்காதபோது போனது, அடைத்தபோது போனதைப்போல் ஆறு மடங்கு. புது வரப்பைப் பற்றி அவள் 2008-இல் எழுதியது சரி. எல்லா வரப்பும் அப்படித்தான் என்று நினைத்தது தப்பு.

குழு வந்த நாளில் அவள் இதைத்தான் சொன்னாள். முதல்வர் முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கவலைப்பட்டார். "தப்புன்னு நாமளே சொன்னா மதிப்பெண் குறைஞ்சிடாதாம்மா?" பஞ்சாட்சரம்தான் குறுக்கே வந்து, இருநூற்றுப் பதினாலில் ஒன்றுகூடக் குறையாது என்று கணக்குச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினார். மேடையில், கலைச்செல்வன் வாங்கிக்கொடுத்த நீலப் புடவையில் ஜெயப்பிரியா நின்று, முதல் இரண்டு நிமிஷம் தாளைப் பார்த்தே படித்தாள். திரையில் பெயிண்ட் பக்கெட் படம் வந்ததும் தாளை மடித்துவிட்டாள். குழுவில் வந்திருந்த வயதான பேராசிரியை ஒருவர் பேச்சு முடிந்த பிறகு அவளைத் தனியே கூப்பிட்டு, "பி.எச்டி.யை எப்போ முடிக்கப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார். ஜெயப்பிரியா ஜூன் மாதம் மறுபடியும் பெயர் பதிந்தாள்.

நஸ்ரீனுக்கு அவள் ஒரு மின்னஞ்சல் எழுதினாள். நீங்கள் சொன்னது சரி, நான் திரும்ப அளந்தேன், அளவுகளை இணைத்திருக்கிறேன் என்று நாலே வரி. இரண்டாம் நாளே பதில் வந்தது. அதை நூலகத்தில் பஞ்சாட்சரத்துக்குப் படித்துக் காட்டினாள், வீட்டில் கலைச்செல்வனுக்குத் தமிழில் சொன்னாள்.

"உங்கள் கட்டுரையைப் படித்துத்தான் நான் நண்டுகளைப் பார்க்கவே ஆரம்பித்தேன்," என்று நஸ்ரீன் எழுதியிருந்தாள். "அது தப்பு என்று எழுதும்போது எனக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. உங்களுக்கு மூன்று முறை எழுதினேன், பதில் வரவில்லை. நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். இருக்கிறீர்கள் என்று தெரிந்ததில் இன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தேன்."

கலைச்செல்வன் அதை இரண்டாவது தடவையும் சொல்லச் சொன்னான்.

புதிய அளவுகளை வைத்து அவள் ஒரு சிறு கட்டுரை எழுதினாள். ஆசிரியர் பெயர்களில் கணவன் பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்டபோது அவன் மறுத்துவிட்டான். "நான் ஒண்ணும் செய்யலியே. பத்து நாளு சும்மா இருந்தேன்."

"அதுதாங்க எல்லாத்துலயும் கஷ்டமான வேலை," என்றாள். ஆனால் அவன் ஒத்துக்கொள்ளவில்லை. நன்றி என்ற இடத்தில் மட்டும் அவன் பெயர் வந்தது. ஆசிரியர்களாக இரண்டு பேர். டி. ஜெயப்பிரியா, எம். அம்சா. எம் என்பது அம்சாவின் அப்பா முனியன்.

கட்டுரை வெளியானது அடுத்த தை மாதம். பஞ்சாட்சரம் முறைப்படி எதையும் விடாதவர். அம்சாவுக்கும் ஒரு புரொஃபைல் திறக்க வேண்டும் என்றார். ஜெயப்பிரியா அவளைக் கல்லூரிக்கு அழைத்து வந்தாள். அம்சா திரையில் தன் பெயரைப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துகள் சில தெரியும். விரலை வைத்துக் கூட்டிப் படித்தாள்.

"இது இன்னாக்கா, பக்கத்துல முட்டை போட்டுக்கிறாங்க?"

"இன்னும் யாரும் படிச்சிட்டு எழுதலன்னு அர்த்தம். படிச்சாங்கன்னா அது ஏறும்."

"எத்தினி நாளாவும்?"

"எனக்குத் தெரியறதுக்குப் பதினேழு வருஷம் ஆச்சி."

"அடேயப்பா," என்று அம்சா சிரித்தாள். பஞ்சாட்சரம் கம்ப்யூட்டரின் கேமராவைத் திருப்பி, பெயருக்குப் பக்கத்தில் இருந்த வெற்று வட்டத்தில் அவள் படம் வர வேண்டும் என்று சொன்னார். அம்சா தன் புடவையைக் குனிந்து பார்த்தாள். முழங்கால் வரை சேற்றுக் கறை.

"இப்ப வேணா சார். வேற ஊர்லலாம் பாப்பாங்கன்றீங்க. நாளைக்கு நல்ல பொடவ கட்டிக்கினு வரேன்," என்றாள். மறுநாள் ஒன்பது மணிக்கு, நூலகம் திறப்பதற்கு முன்பே, பச்சைப் புடவையில் கதவருகே வந்து நின்றிருந்தாள்.